மடிப்பு விட்டுத் தைத்த கல்

பீளமேட்டுக்குத் தெற்கே உள்ள மாநகராட்சிக் கல்லறைத் தோட்டத்தில், கிளாடிஸின் கற்சிலை முதல் வருஷத்திலேயே இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தது. அளந்து பார்த்தவள் அவளுடைய தாய் சாராள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற டைலர் என்பதால் அளவு நாடா எப்போதும் அவள் கழுத்தில் கிடக்கும். சந்தேகம் வந்து மறுபடியும் அளந்தாள். நாடாதான் வெயிலில் சுருங்கிப்போயிற்றோ என்று வீட்டுக்குப் போய்ப் புருஷனை நிற்கவைத்து அளந்தாள். தேவானந்தம் பழைய உயரத்திலேயே இருந்தார். ஆகவே வளர்ந்தது சிலைதான் என்று ஆயிற்று. அந்த வருஷம் நல்ல மழை. தோட்டத்தில் எருக்கும் நொச்சியும்கூட ஆள் உயரம் வந்திருந்தன. அதனால் அவள் அதை உடனே யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

அந்தத் தோட்டத்துக்கு இதெல்லாம் பெரிய சங்கதியும் இல்லை. ஊர் சின்னதாக இருந்த காலத்தில், மிஷன்காரர்கள் கேட்டு நகராட்சி ஒதுக்கிக் கொடுத்த மேட்டு நிலம் அது. முதலில் வந்து படுத்தவர்கள் மில் மிஷின்களோடு கப்பலில் வந்த துரைமார். பாதி வயதில் போனவர்களுக்கு முறிந்த தூண் வைப்பது அவர்கள் வழக்கம். கிழக்கு ஓரம் முழுக்க அப்படி முறிந்த தூண்கள் நிற்பதால், புதிதாக வருகிறவர்கள் ஏதோ பழைய மண்டபம் இடிந்து கிடக்கிறது என்று நினைப்பார்கள். பிறகு நம்மூர்க் கிறிஸ்தவர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பளிங்கில் திறந்த வேதாகமம், சிமெண்டில் தேவதூதர்கள், தேவதூதர்களுக்கு வருஷா வருஷம் நீலப் பெயிண்ட். நெசவு மாஸ்டர் ஒருவர் தலைமாட்டில் கருங்கல்லில் ஒரு தறி நாடா இருக்கிறது. நூல் கோக்கிற துளைகூட விட்டிருக்கிறார்கள். மேற்குச் சுவர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிற பட்டறை முதலாளிக் குடும்பம் ஒன்றின் சமாதி. அதன்மேல் கறுப்புக் கல்லில் அசல் அளவில் ஒரு மோட்டார் பம்பு. சித்திரை மாதத்தில் அந்தப் பம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வரும். குழி வெட்டுகிற வேலன் அதைப் பிடித்துத்தான் தன் ஆடுகளுக்கு வைப்பான். அதை அதிசயம் என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்தக் கம்பெனி பம்பே அப்படித்தான் என்பார்கள்.

கிளாடிஸ் ஐந்து வயதில் காய்ச்சலில் போனாள். ஐப்பசி மழை விடாமல் பெய்த வாரம் அது. பிறந்த நாளிலிருந்து ஒரு பொழுதும் தனியாகத் தூங்கியறியாத பிள்ளை; தாயின் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டால்தான் கண் மூடும். பெட்டியை மூடப் போகும் நேரத்தில் சாராள் குனிந்து அதன் காதில், "பயப்படாத கண்ணு, அம்மா பின்னாலயே வாரேன்" என்றாள். பக்கத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. துக்கத்தில் சொல்வது என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். சாராள் அப்படிச் சொல்லவில்லை. தைத்துத் தருகிறேன் என்று ஒருவரிடம் சொன்னால் சொன்ன தேதியில் தைத்துக் கொடுக்கிறவள் அவள். இதற்குத் தேதி சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு போதகர், உரிமைப்பட்டவர்கள் முதல் பிடி மண் போடலாம் என்றார். பெற்றவர்களுக்குப் பிள்ளை போட வேண்டிய மண் அது. சாராள் பிள்ளைக்குப் போட்டாள். முறை தலைகீழான அந்தத் துயரம் அவள் கையை விட்டுப் போகவே இல்லை. பல வருஷங்களுக்கு வலது கையால் சோறு பிசைய அவளால் முடியவில்லை.

சிலை செய்ய ஆள் தேடியபோது கிடைத்தவர் பங்காரு. திருமுருகன்பூண்டிச் சிற்பி. அதுவரைக்கும் பிள்ளையாரும் கருப்பராயனும் கன்னிமாரும் செதுக்கியவர், மனிதரைச் செதுக்கியதில்லை. சாராள் ஒரு போட்டோவையும் கடைசிக் கிறிஸ்துமஸுக்குத் தான் தைத்த கவுனையும் கொடுத்தாள். வளர்கிற பிள்ளைக்குத் தைக்கும்போது கீழ்விளிம்பில் நாலு விரல் துணியை உள்ளே மடித்துத் தைப்பது டைலர் வீட்டு வழக்கம்; பிள்ளை வளர வளரப் பிரித்து இறக்கிவிடலாம். பங்காரு எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. அந்த மடிப்பையும், மடிப்பின்மேல் ஓடிய தையலையும், உள்ளதை உள்ளபடியே கல்லில் கொண்டுவந்துவிட்டார். பிறகு சிலையைக் கொண்டுபோய்க் குழியை மூடிய பலகைக் கல்லின்மேல் நிறுத்தினார். அதோடு கூலி வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் கோயில் வேலை செய்த கை. குளித்து, பட்டினி கிடந்து, ஈர வேட்டியோடு விடிகாலையில் வந்து, சிறு உளியால் சிலைக்கு முறைப்படி கண் திறந்தார். கோயிலில் கண் திறக்கும்போது எதிரே ஆள் நிற்கக் கூடாது. முதல் பார்வை கண்ணாடியில் விழ வேண்டும். கண்ணாடி பிடிக்கத்தான் பிடித்தார். அந்த நேரம் பார்த்து, வெயில் அவர் முகத்தில் அடிக்கிறதே என்று சாராள் குடையோடு குறுக்கே வந்தாள். சிலை முதலில் பார்த்தது அவளை.

வளர்வது ஊருக்குத் தெரிந்த பிறகு, தேவானந்தம் பஸ் ஏறிப் பூண்டிக்குப் போய்ப் பங்காருவைக் கேட்டார். அவர் மில்லில் ஃபிட்டர். ஒரு மிஷின் தானாக ஓடினால் யார் சுவிட்சைப் போட்டது என்று தெரிந்தாக வேண்டும்.

"ஏனுங்க, கல்லறைச் செலைக்குப் போயி எதுக்குங்க கண்ணைத் தொறந்தீங்க?"

பங்காரு உளியைக் கீழே வைத்தார். "கைப்பழக்கமுங்க. கண்ணைத் தொறக்காம உட்டா வேலை முடிஞ்ச மாதிரியே இருக்காதுங்களே, தொறந்துபோட்டேன். அது என்ற தப்புத்தானுங்க. ஆனா மடிப்பு உட்டது நானில்லைங்க. அது அம்மணி தச்ச கவுனுங்க."

குற்றம் பாதிப் பாதியாகப் பிரிந்ததில் தேவானந்தத்துக்குத் திருப்தி. காப்பி குடித்துவிட்டுத் திரும்பினார்.

கவுனின் மடிப்பு மூன்று நாலு வருஷம் தாங்கியது. கல் விளிம்பு தானே இறங்கி, பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் நின்றது, பிரித்து இறக்கிய துணியில் நிற்குமே, அது மாதிரி. அதற்குமேல் கவுன் முழங்காலுக்கு ஏற ஆரம்பித்தது. வயசுக்கு வரப்போகிற பிள்ளை நாலு பேர் வந்து போகிற இடத்தில் இப்படி நிற்கலாமா என்று சாராளுக்குத் தாங்கவில்லை. கல்லறைத் திருநாள் அன்று அளவெடுத்து, பாவாடை சட்டை தைத்துக் கொண்டுபோய்ச் சிலைக்குப் போட்டுவிட்டாள். வெயிலும் மழையும் அந்தத் துணியைத் தின்று முடித்தபோது, கல் அந்தப் பாவாடையை வாங்கிக்கொண்டிருந்தது. கொசுவம், நாடா முடிச்சு, கைத்தையல் எல்லாம் கல்லிலேயே இருந்தன. அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு உடுப்பு. பாவாடை போய்ச் சுடிதார் வந்தது. கல்லூரி வயசில் ஒருமுறை பேன்ட் தைத்துப் பார்த்தாள். கல் அதை வாங்கவில்லை, துணி கிழிந்து விழுந்ததோடு சரி. பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டாள். சிலை பெரியவளான வருஷம், பவானியிலிருந்து தாய்மாமன் ஒரு ஜமக்காளமும் ஒரு பட்டுத் துணியும் தட்டில் பழமும் கொண்டுவந்து வைத்து, சிலையின் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. முறை என்றால் முறைதான்.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. சிலர் கற்பூரம் கொண்டுவந்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள் தொட்டில் கட்ட வந்தார்கள். சாராள் அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "இது சாமி இல்லீங்க, எம் புள்ளைங்க" என்று சொல்லி அனுப்பினாள். சபையில் இது விக்கிரகம் ஆகாதா என்று ஒருவர் கேட்டார். யாரும் கும்பிடாதவரை அது விக்கிரகம் இல்லை, அளவெடுப்பதைப் பற்றி வேதத்தில் தடை ஒன்றும் இல்லை என்று போதகர் முடித்துவைத்தார். கல்லானாலும் கணவன் என்று பழமொழி கட்டியவர்கள், கல்லானாலும் பிள்ளை என்று கட்டாமல் விட்டதுதான் ஆச்சரியம்.

இதற்குள் ஊர் பெருத்துவிட்டது. சரவணம்பட்டிப் பக்கமெல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன; பிழைக்க வந்தவர்கள் இங்கேயே சாகவும் வேண்டியிருந்தது. தோட்டத்தில் குழிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கிடந்தன. இனிமேல் புதுக்குழிக்கு இடம் இல்லை, அவரவர் குடும்பக் குழியைத் திறந்து அதிலேயே வைக்கலாம் என்று விதி வந்தது. பெரும்பாலானவர்களுக்கு அதில் கஷ்டம் இல்லை. பழைய எலும்பை வெள்ளைத் துணியில் கட்டிப் புதிதாக வருகிறவரின் கால்மாட்டில் வைத்து மூடுவார்கள். குடும்பம் ஒன்றாகக் கிடக்கும். தேவானந்தத்துக்கு அந்த வழி அடைத்திருந்தது. கிளாடிஸின் பாதங்கள் பலகைக் கல்லோடு ஒட்டி ஒரே கல்லாகி, அவளும் அப்போது முழுப் பெண் உயரத்துக்கு வந்துவிட்டாள். பலகையைத் தூக்காமல் குழி திறக்காது; அவளைத் தூக்காமல் பலகை வராது. நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் சாராளிடம், "என்னைய தாராபுரத்துக்குக் கொண்டுபோயி எங்கப்பன் பக்கத்துல போட்டுரு சாரா. புள்ளைய அசைக்க வேண்டாம். நீயும் அங்கயே வந்துரு" என்றார். முதல் வார்த்தையைச் சாராள் நிறைவேற்றினாள். இரண்டாவதற்குப் பதில் சொல்லவில்லை.

அவள் பதில் முன்பே சொல்லப்பட்டுவிட்ட ஒன்று. பின்னாலயே வாரேன் என்று சொன்ன வாய். கிளாடிஸ் எவ்வளவு வளர்ந்தாலும் அந்தக் கல் கண்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன, தாய் உள்ளே வருகிற வாசலை. ஒவ்வொரு முறை வீட்டுக்குத் திரும்பும்போதும் அந்தப் பார்வை முதுகில் படுவது சாராளுக்குத் தெரியும். தனக்கும் நெஞ்சில் கோளாறு என்று டாக்டர் சொன்ன அன்று அவள் பயந்தது சாவுக்கு அல்ல. தான் தாராபுரத்தில் கிடக்க, இந்தப் பிள்ளை இங்கே வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்குமே என்றுதான் பயந்தாள்.

மாநகராட்சி இன்ஜினியர் பிரீத்திகா நல்ல பெண். கிளாடிஸ் இருந்திருந்தால் இவள் வயசுதான் என்று சாராள் நினைத்துக்கொள்வாள். சாராள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, சிலையைத் தூக்கி நகர்த்திவைக்க, பாரம் தூக்குகிற இரும்பு முக்காலியும் செயின் பிளாக்கும் வரவழைத்தாள். சங்கிலியைச் சிலையின் இடுப்பில் சுற்றி, வேலனும் இன்னும் நாலு பேரும் இழுத்தார்கள். முக்காலியின் கால்கள் மண்ணில் இறங்கினவே தவிரச் சிலை அசையவில்லை. சங்கிலியைத் தளர்த்தியபோது அவள் இடுப்பைச் சுற்றி ஒரு தடம் விழுந்திருந்தது. நாடாவை இறுக்கிக் கட்டினால் பிள்ளைகளுக்கு விழுமே, அந்தத் தடம். சாராள் ஓடிவந்து அதைத் தன் உள்ளங்கையால் தேய்த்தாள். "போதுமுங்க, உட்டுருங்க. வலிக்குதுங்க அவளுக்கு" என்றாள். பிரீத்திகா சங்கிலியைத் தானே கழற்றி எடுத்து வண்டியில் போட்டாள்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. பங்காருவை வரவழைத்தார்கள். தலை நரைத்துப்போய் வந்தவர், சிலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தன் கையால் செய்ததில் கண்கள் மட்டும்தான் அடையாளத்துக்கு மிஞ்சியிருந்தன. மற்றதெல்லாம் தானாக வளர்ந்தது. உளிப் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்.

"அம்மணி, கண்ணைத் தொறந்த கையால மூடவும் முடியுமுங்க. பாவையைத் தேச்சு வழிச்சு உட்டுட்டா அப்பறம் இது வெறுங்கல்லுங்க. கணுக்கால்ல அறுத்து எடுத்துப்போடலாம். நீங்க நெனச்ச எடத்துல கெடக்கலாமுங்க."

"அவளுக்குத் தெரியுமுங்களா?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்."

சாராள் சம்மதித்தாள். எத்தனை வருஷத்து வாக்கு அது. பங்காரு மறுபடியும் பட்டினி கிடந்தார். மறுபடியும் விடிகாலையில் ஈர வேட்டியோடு வந்து, சிறு ஏணி போட்டு ஏறி, உளியைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். சாராள் கீழே நின்றாள். அன்று குடைக்கு வேலை இல்லை, வானம் மூடியிருந்தது. சிலையின் கண்கள் உளியைப் பார்க்கவில்லை. பங்காருவின் தோளுக்கு மேலாக அவளைத்தான் பார்த்தன. காய்ச்சலில் ஊசி போட வந்த நர்ஸைப் பார்க்காமல் தாயையே பார்த்துக்கொண்டிருந்த அதே கண்கள். சாராள் ஏணியைப் பிடித்து உலுக்கினாள்.

"வேண்டாமுங்க. எறங்குங்க."

பங்காரு இறங்கினார். இறங்கியதும் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். உளி விழுந்த இடத்தில் அப்படியே கிடந்தது. சாராள் ஏணியில் ஏறினாள். இப்போது அவள் சிலையின் தோளுக்குத்தான் இருந்தாள், காதுக்கு எட்ட ஏணி வேண்டியிருந்தது. "அம்மாவால வர முடியாது கண்ணு" என்றாள். "உங்கப்பன் பக்கம் போயிர்றேன். நீ பெரிய புள்ளையாயிட்டே. இனித் தனியா தூங்கிக்குவே. வாசலைப் பாத்துட்டே நிக்காத." வாழ்க்கையில் அவள் மாற்றிச் சொன்ன முதல் வாக்கு அதுதான். அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு ஒரு பருத்திச் சேலை கட்டிவிட்டாள். முந்தானையை மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டாள்.

கிளாடிஸுக்கு முப்பது நிறைந்திருக்க வேண்டிய வருஷம், ஐப்பசி மழை நாளில், தையல் மிஷின்மேல் தலை சாய்த்தபடி சாராள் போய்ச் சேர்ந்தாள். தாராபுரத்துக்கு வண்டி சொல்லியாயிற்று. வழியில் சபை வாசலில் ஒரு ஜெபத்துக்கு நிறுத்தியிருந்தபோது வேலனிடமிருந்து போதகருக்குப் போன் வந்தது.

"ஏனுங்க ஐயா, வண்டியைத் தோட்டத்துக்குத் திருப்புங்க. புள்ள எடம் உட்டிருச்சுங்க."

வந்து பார்த்தவர்கள் பதறவில்லை. சிலை பலகைக் கல்லை விட்டு இறங்கி, தலைமாட்டுப் பக்கம் நடைபாதையில் ஓர் எட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்குப் பெரியவர்கள் வந்தால் எழுந்து ஒதுங்கி நிற்பதுபோல ஒரு பக்கமாகத் தோளைச் சாய்த்திருந்தது. பலகைக் கல்லில் அவள் நின்ற இடத்தில் இரண்டு பாதத் தடங்கள் குழிந்திருந்தன. வளர்ந்த பெண்ணின் பாதங்கள் அல்ல. ஐந்து வயசுப் பிள்ளையின் பாதங்கள், விரல்கள் கூடத் தெளிவாக. வேலன் கடப்பாரையைக் கொடுத்ததும் பலகை சுலபமாக எழுந்தது. கீழே கிடைத்த சின்ன எலும்புகளை அவன் மழைத் தண்ணீரில் கழுவி வெள்ளைத் துணியில் கட்டினான். வழக்கப்படி கால்மாட்டில் வைக்க வேண்டும். கடைசியாக முகம் பார்க்கப் பெட்டியைத் திறந்தபோது, யாரையும் கேட்காமல், சாராளின் வலது கை வளைவில் அதை வைத்து, முந்தானை நுனியை எடுத்து மேலே போட்டான். போதகர் பெட்டியை மூடச் சொல்லித் தலையசைத்தார்.

பெட்டி இறங்கியதும் அவர் வழக்கமான வார்த்தையைச் சொன்னார். உரிமைப்பட்டவர்கள் முதல் பிடி மண் போடலாம். யாரும் அசையவில்லை. தாய்மாமன் காலமாகியிருந்தார், பிரீத்திகா ஓர் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள், சபையார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளை இல்லாத சாவில் வழக்கமாக வேலன்தான் போடுவான். அவன் குனிந்தான். அதற்குள் பெட்டியின்மேல் ஈர மண் விழுகிற சத்தம் கேட்டது, ஒரு பிடி அளவுக்கு. எல்லாரும் திரும்பினார்கள். சிலையின் வலது கை குழிக்கு மேல் நீண்டிருந்தது. விரல்கள் விரிந்திருந்தன. உள்ளங்கையில் செம்மண் ஒட்டியிருந்தது. போதகர் ஆமென் என்றார், பிறகு மற்றவர்கள் வரிசையாக மண் போட்டார்கள்.

அதற்குப் பிறகு சிலை வளரவில்லை. வாசலைப் பார்ப்பதும் இல்லை. கண் திறந்தபடி, எதிரே உள்ள பலகைக் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தோட்டப் பாதையில் பாதியை அது அடைத்துக்கொண்டு நிற்பதால், புதிய கல் பதித்தபோது பிரீத்திகா பாதையை அந்த இடத்தில் கொஞ்சம் வளைத்துவிட்டாள். கையில் ஒட்டிய மண்ணை மழை கரைக்கவில்லை. அதில் அறுகு முளைத்திருக்கிறது. வேலனின் ஆடுகள் தோட்டம் முழுக்க மேயும், அதைத் தொடுவதில்லை. பாதை ஏன் இப்படி வளைகிறது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால் வேலன் சொல்வான்: "அங்க ஒரு புள்ள அவங்கம்மாவைத் தூங்கவெச்சுட்டு நிக்குதுங்க. சுத்திப் போங்க."